விலை குறைந்தவரா, வேலை தெரிந்தவரா?

பிரெஞ்சில் இரண்டு சொற்கள் உண்டு. ஒப்பந்தம் கேட்டு வந்தவர்களில் மிகக் குறைந்த தொகை சொன்னவர் ‘முவேன் திஸான்’. தொகை, தரம், தவணை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் நமக்கு நன்மையாக வருகிறவர் ‘மியே திஸான்’. முன்னவர் குறைவாகச் சொன்னவர், பின்னவர் நன்றாகச் சொன்னவர். பள்ளியில் பிரெஞ்சு படித்துவிட்டு, பிறகு இந்திய அரசாங்க விதிகளின்படி குமாஸ்தா உத்தியோகம் பார்த்த எனக்கு, பணிக்காலம் முழுவதும் முதல் சொல்லோடுதான் குடித்தனம். இரண்டாவது சொல்லுக்கு எங்கள் படிவத்தில் கட்டமே கிடையாது.

இந்தச் சங்கதி இப்போது ஏன் வந்தது என்றால், என் தங்கை மகனால். திருநள்ளாறு பக்கம் அறுவடை எந்திரங்களைப் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறான். சில எந்திரங்களுக்கு உதிரி பாகம் சீக்கிரம் கிடைப்பதில்லை. அதில் ஒரு சுழல் தண்டை, அதாவது ஷாஃப்டை, தானே வரைபடம் போட்டு 300 எண்ணம் செய்து வாங்கி விற்கலாம் என்பது அவன் யோசனை. மனைவியின் நகையை வங்கியில் வைத்துப் பணம் புரட்டினான். மூன்று பட்டறைகளிலிருந்து விலைப்புள்ளி வாங்கிக்கொண்டு வந்து, “மாமா, காலமெல்லாம் ஒப்பீட்டுப் பட்டியல் போட்டவர் நீங்கள். இதையும் போட்டுக் கொடுங்கள்” என்றான். ஒன்று 640 ரூபாய், ஒன்று 780, கோயம்புத்தூரிலிருந்து வந்தது 910.

பட்டியல் போட நான் மறுத்துவிட்டேன். மூன்று தொகையும் ஒரே பொருளுக்கான விலை அல்ல என்று அவனிடம் சொன்னேன். அதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். நம் வாசகர்களில் பலருடைய பிள்ளைகளும் மருமகன்களும் சிறு தொழில் வைத்திருக்கிறார்கள், அவர்களுக்குப் பயன்படும்.

சிமெண்டு மூட்டை வாங்கினால் இந்தக் கடை மூட்டையும் அந்தக் கடை மூட்டையும் ஒன்றுதான். அங்கே குறைந்த விலை பார்ப்பதில் தவறில்லை. கடைசல் வேலை அப்படியல்ல. அவனுடைய தண்டில் பேரிங் உட்காரும் இடம் 40 மில்லிமீட்டர். அது சரியாக 40 இருந்தால் போதாது. பேரிங் இறுக்கமாக உட்கார வேண்டும் என்பதால் 40.002-க்குக் குறையாமலும் 40.018-ஐத் தாண்டாமலும் இருக்க வேண்டும். இடையில் உள்ள இடம் 16 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடி ஏறக்குறைய 70 மைக்ரான் கனம். அதாவது முடியின் கனத்தில் கால் பங்குக்கும் குறைவான இடத்தில் அந்தப் பட்டறைக்காரர் தன் வேலையை முடிக்க வேண்டும். அதற்கு மேலே போனால் பேரிங் திணறிச் சூடேறும். கீழே போனால் தண்டோடு சுற்றாமல் நழுவித் தேயும். சம்பா அறுவடையில் வயலின் நடுவே எந்திரம் நின்று, மேலே மேகமும் கூடினால் என்ன ஆகும் என்பதை டெல்டாக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அளவு என்றாலே எனக்குப் பள்ளிக்கூட நினைவு வரும். எல்லைக்கு அந்தப் பக்கம் பேரளம், நன்னிலத்தில் அங்குலமும் நூலும் பேசிய காலத்தில், எங்கள் வாத்தியார்கள் மீட்டரும் சென்டிமீட்டரும்தான் சொல்லிக் கொடுத்தார்கள். 1898இல் பேரளத்திலிருந்து நம் அம்பகரத்தூர் வழியாகக் காரைக்காலுக்குப் போட்ட ரயில் பாதையும் மீட்டர் கேஜ். வெள்ளைக்காரன் போட்ட பாதைக்கு எப்படி மீட்டர் வந்தது? இந்தியாவுக்கு மெட்ரிக் அளவு சீக்கிரம் வந்துவிடும் என்று 1870 வாக்கில் வைஸ்ராய் மேயோ பிரபு எதிர்பார்த்ததால். பாதை வந்தது. அளவு வர 1950கள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

பட்டறைகளில் இன்று கையில் பிடிக்கும் இரண்டு கருவிகளும் பிரெஞ்சு மூளையில் பிறந்தவை. வெர்னியர் அளவுகோலை 1631இல் வெளியிட்டவர் பியேர் வெர்னியே. மைக்ரோமீட்டருக்கு 1848இல் காப்புரிமை வாங்கியவர் ழான் லோரான் பால்மேர். பிரான்சில் இன்றும் அந்தக் கருவியைப் ‘பால்மேர்’ என்றே கூப்பிடுகிறார்கள். அந்த நாட்டில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1785இல் ஒனோரே பிளான் என்பவர் துப்பாக்கி விசையின் பாகங்களைக் குவியல் குவியலாக வைத்து, கைக்கு வந்ததை எடுத்துப் பூட்டிப் பார்க்கச் சொன்னார். அப்போது பாரிஸில் அமெரிக்கத் தூதராக இருந்த ஜெஃபர்சன் தம் கையாலேயே சிலவற்றைப் பூட்டிப் பார்த்து, எல்லாம் பொருந்தியதாகத் தம் நாட்டுக்குக் கடிதம் எழுதினார். உதிரி பாகம் என்பதன் பொருளே அதுதான். 300 தண்டில் எதை எடுத்தாலும் எந்த எந்திரத்திலும் அரம் போடாமல் உட்கார வேண்டும். ஒரு நல்ல தண்டை எந்தக் கைகாரரும் செய்துவிடுவார். முந்நூறாவதும் முதலாவதைப் போல இருப்பதற்குத்தான் பணம் கொடுக்கிறோம்.

அலுவலகத்தில் நான் பார்த்த ஒரு சம்பவம். எந்த அலுவலகம், எந்தப் பட்டறை என்பது வேண்டாம். கோடைக்காலத்தில் ஒரு கிராமத்துக் குடிநீர்ப் பம்புக்குத் தண்டுக்கான உறை செய்யக் கொடுத்தார்கள். விதிப்படி மூன்று விலைப்புள்ளி, குறைந்தவருக்கு வேலை. வித்தியாசம் சில நூறு ரூபாய்தான். பூட்டி மூன்று வாரத்தில் தண்டு தேய்ந்து பம்பு நின்றது. மறுபடி விலைப்புள்ளி, மறுபடி ஒப்புதல். அதுவரை அந்த ஊர்ப் பெண்கள் அடுத்த ஊருக்குக் குடம் தூக்கினார்கள். கோப்பு மட்டும் சுத்தமாக இருந்தது. தணிக்கையில் ஒரு ஆட்சேபணையும் வரவில்லை. தண்ணீர்தான் வரவில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. குறைந்த விலை என்ற விதி மட்டும் இல்லையென்றால், ‘தரம் பார்த்தேன்’ என்று சொல்லி அதிகாரி தன் மைத்துனருக்கே வேலையைக் கொடுத்துவிடுவார். ஊர்ப் பணத்தைக் காக்க அந்த விதி தேவைப்பட்டது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் என்னென்ன தரம் பார்க்கப் போகிறோம், எதற்கு எத்தனை மதிப்பெண் என்பதை முன்கூட்டியே எழுதி எல்லோருக்கும் சொல்லிவிட்டால் மைத்துனருக்கு வழி குறையும். 2021இல் மத்திய நிதியமைச்சகமே, சில வகை வேலைகளில் விலையோடு தரத்துக்கும் 30 சதவீதம் வரை மதிப்பெண் தரலாம் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. தாமதமானாலும் நல்லது. அரசாங்கமே இந்த அளவுக்கு இறங்கி வந்தபிறகு, சொந்த நகையை அடகு வைத்தவன் ஏன் பழைய குமாஸ்தாவைப்போல் தொகையை மட்டும் பார்க்க வேண்டும்?

சரி, வேலை தெரிந்தவரை எப்படிக் கண்டுபிடிப்பது? என் மருமகனோடு இரண்டு பட்டறைகளுக்குப் போய்ப் பார்த்ததிலும், விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டதிலும் எனக்குப் பிடிபட்டவை இவை.

முதலில், அவர் என்ன கேட்கிறார் என்று பாருங்கள். 640 ரூபாய்க்காரர் ஒன்றும் கேட்கவில்லை. வரைபடத்தைப் புரட்டினார், தொகை சொன்னார். மற்ற இருவரும் கேள்விகளாகக் கேட்டார்கள். எந்த எண் பேரிங்? சாவிப்பள்ளம் எவ்வளவு ஆழம்? இரும்பு எந்த ரகம்? மேற்பரப்பைக் கெட்டிப்படுத்த வேண்டுமா? வரைபடத்தில் எல்லா இடத்துக்கும் மைக்ரான் கணக்கு எழுதியிருக்கிறதே, பேரிங் தொடாத இடத்துக்கு எதற்கு வீண் செலவு? இந்தக் கடைசிக் கேள்வி நம் பணத்தைக் காப்பாற்றும் கேள்வி. தேவையில்லாத இடத்தில் நுட்பம் கேட்டால் அதற்கும் கூலி ஏறும்.

இரண்டாவது, எந்திரத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அளக்கும் மேசையைப் பாருங்கள். கணினியில் ஓடும் புது எந்திரத்தைக் காட்டி அசத்துவார்கள். கடன் வாங்கினால் யாரும் அதை வாங்கிவிடலாம். மைக்ரோமீட்டர் பெட்டிக்குள் இருக்கிறதா, எண்ணெய்த் துணிக்கு நடுவே கிடக்கிறதா? அதைக் கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள், சான்றிதழ் எங்கே? பிசகிய தண்டுகளை எங்கே போட்டு வைக்கிறார்கள்? தவறிய துண்டே எங்களிடம் கிடையாது என்று சொல்லும் பட்டறையில் அளப்பதே கிடையாது என்று வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, இரும்புக்குச் சான்று கேளுங்கள். வெளியில் பளபளவென்று எல்லா இரும்பும் ஒன்றுபோலத்தான் இருக்கும். எந்த வேலையைத் தானே செய்கிறார், எதை வெளியே அனுப்புகிறார் என்பதையும் கேட்க வேண்டும். சாணை பிடிப்பதையும் சூடேற்றிக் கெட்டிப்படுத்துவதையும் வெளியே கொடுப்பது வழக்கம்தான். சொல்லிவிட்டுக் கொடுத்தால் ஒன்றுமில்லை.

நான்காவது, மொத்தமாகக் கொடுக்காதீர்கள். மாதிரி கேளுங்கள். அதை அவர் அளந்தது போதாது, சம்பந்தமில்லாத வேறொருவரிடம் அளந்து பாருங்கள். என் மருமகன் 780 ரூபாய்க்காரரிடமும் 910 ரூபாய்க்காரரிடமும் ஐந்தைந்து செய்து வாங்கினான். கோயம்புத்தூர்க்காரரின் ஐந்தும் சரி. அதில் எனக்கு வியப்பில்லை. பஞ்சாலைகளால் வளர்ந்து, பைக்காரா மின்சாரத்தால் பெருகி, 1937இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் உள்நாட்டு மின்மோட்டாரைச் செய்து காட்டிய ஊர் அது. மூன்று நான்கு தலைமுறைக் கைப்பழக்கம்.

திருச்சிப் பக்கத்து 780 ரூபாய்க்காரரின் ஐந்தில் ஒன்று சில மைக்ரான் குறைவு. தகவல் சொன்ன மறுநாள் அவரே பேருந்து பிடித்து வந்துவிட்டார். தண்டை வாங்கிக்கொண்டு போய் இரண்டு நாளில் காரணம் சொன்னார். பையன் கடைசலில் இருந்து இறக்கிய சூட்டோடு அளந்திருக்கிறான். இரும்பு சூட்டில் விரியும், ஆறினால் சுருங்கும். 40 மில்லிமீட்டர் தண்டு 20 டிகிரி கூடுதல் சூட்டில் ஒன்பது மைக்ரான் பருத்துக் காட்டும். நமக்கு இருப்பதே 16. உலகம் முழுவதும் இந்த அளவுகளை 20 டிகிரி வெப்பத்துக்கு என்று 1931இலேயே முடிவு செய்து வைத்திருக்கிறார்கள். நம் சித்திரை மாதத்துப் பட்டறையில் 20 டிகிரிக்கு எங்கே போவது? துண்டும் கருவியும் ஒரே இடத்தில் கிடந்து ஒரே சூட்டுக்கு வந்தபிறகு அளக்க வேண்டும் என்று பட்டறையில் பழக்கத்தை மாற்றினார். மறுபடி பத்து செய்து கொடுத்தார். பத்தும் சரி.

என் மருமகன் அவருக்கே வேலையைக் கொடுத்தான். கோயம்புத்தூர்க்காரரை விட்டது சரியா என்று என்னைக் கேட்டால், சரி என்பேன். பிசகு எல்லோருக்கும் வரும். வந்தால் மறைக்காமல், பழியை இரும்பின்மேல் போடாமல், காரணம் கண்டுபிடித்து நிறுத்துகிறவர் மூன்று மணி நேரப் பயண தூரத்தில் இருப்பது பெரிய பலம். கோயம்புத்தூர்க்காரருடைய எண்ணையும் பத்திரமாக வைத்துக்கொள் என்று சொல்லியிருக்கிறேன். ஒரே ஆளை நம்பி அறுவடைக் காலத்தில் நிற்கக் கூடாது.

நம் பக்கத்திலேயே இதற்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. நரசிங்கம்பேட்டை நாகஸ்வரம். ஆச்சா மரத்தைக் கடைந்து துளையிட்டுச் செய்வது. 2022இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பழைய திமிரி நாகஸ்வரத்தில் சுத்த மத்தியமம் சுலபமாக வராது, உதட்டாலும் மூச்சாலும் சமாளிக்க வேண்டும். அந்தக் குறை நீங்க வேண்டும் என்று திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை விரும்பினார். நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி நீளத்தையும் துளைகளையும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்து, அது சரியாகப் பேசும் பாரி நாகஸ்வரத்தைக் கொண்டுவந்தார். வாசிப்பவர் குறையைச் சொல்லத் தெரிந்தவர், செய்பவர் கேட்கத் தெரிந்தவர். அவ்வளவுதான் சூத்திரம். நம் அம்பகரத்தூர் பத்ரகாளியம்மன் திருவிழாவுக்கு நாகஸ்வரக்காரரைக் குறைந்த விலைப்புள்ளி பார்த்தா அழைக்கிறோம்?

வாங்குகிறவனுக்கும் கடமை உண்டு. நாளுக்கு ஒருமுறை வரைபடத்தை மாற்றாமல் இருப்பது ஒன்று. பேசிய தேதியில் பணம் கொடுப்பது இன்னொன்று. சிறு தொழில்காரருக்கு 45 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும், தவறினால் வட்டி உண்டு என்று 2006ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. ஆனாலும் பெரிய வியாபாரிகளிடம் அந்த வட்டியைக் கேட்கும் துணிவு எத்தனை பட்டறைக்காரருக்கு இருக்கும்? கேட்டால் அடுத்த வேலை வராது. பணத்தை இழுத்தடிக்கிறவனுடைய துண்டுக்குத்தான் பட்டறையில் தேய்ந்த உளி போடுவார்கள் என்று ஒரு பெரியவர் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். சிரித்தாலும் விஷயம் உண்மை.

முதல் 100 தண்டுகள் வந்து இறங்கிவிட்டன. பணமும் போய்விட்டது. மீதி பொங்கலுக்குள் வந்துவிடும் என்கிறான். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் மூன்று விலைப்புள்ளியோடு வந்து நின்றால், தொகையைப் பார்ப்பதற்கு முன்னால், “இவர்களில் யார் உன்னிடம் கேள்வி கேட்டார்கள்?” என்று விசாரித்துப் பாருங்கள்.