எத்தனை இன்ச்சுன்னு கேக்காதீங்க, எத்தனை லிட்டர்னு கேளுங்க!

கார்ல பாட்டு கேக்குற நம்ம மக்களுக்கு ஒரு வியாதி இருக்கு. சப்வூஃபர் வச்சிருக்கேன்னு சொன்னதும் "எத்தனை இன்ச்?"னு கேப்பாங்க. 10ன்னு சொன்னா "ப்ச்". 12ன்னா "பரவால்ல". 15ன்னா ஆளையே அண்ணாந்து பார்ப்பாங்க. இன்னொரு கோஷ்டி இருக்கு. "8 இன்ச் சுறுசுறுப்பா அடிக்கும், 12 இன்ச் ஆழமா இறங்கும், ரெண்டையும் கலந்து போட்டா எல்லாமே கிடைக்கும் பாஸ்!" இட்லிக்கு சட்னியும் சாம்பாரும் மாதிரி கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா சுத்தப் பேத்தல்.

முதல்ல இந்த சுறுசுறுப்பு மேட்டர். 50 ஹெர்ட்ஸ்னா கோன் நொடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் போகணும். 8 இன்ச்சுக்கும் அதே 50, 15 இன்ச்சுக்கும் அதே 50. பெரிய கோன் என்ன, 40 தடவையிலேயே மூச்சு வாங்கி உக்காந்துடுமா? தாளம் முடிஞ்ச பிறகும் 'கும்ம்ம்'னு இழுக்குதுன்னா குற்றவாளி பெரும்பாலும் பெட்டிதான். அளவுக்கு மீறி சின்னதா அடிச்ச பெட்டி, தப்பா ட்யூன் பண்ணின போர்ட், இல்லன்னா கூடச் சேர்ந்து ஆடுற நம்பர் பிளேட்.

அடுத்து கணக்கு. பரப்பளவு விட்டத்தோட வர்க்கத்துல ஏறும். 10 இன்ச்சுக்கு 100, 12க்கு 144, 15க்கு 225. ஆக ரெண்டு 10 சேர்ந்தா 200. ஒரு 12ஐத் தாண்டிடும், 15க்குப் பக்கத்துல வந்துடும். அதோட கோன் எவ்வளவு தூரம் நகருதுங்கறதையும் பெருக்கணும். நல்லா நீளமா நகர்ற 10, மட்டமான 12ஐத் தூக்கிச் சாப்பிட்டுடும். இதையெல்லாம் பார்க்காம இன்ச்சை மட்டும் கேக்குறது, டிரைவரைப் பார்க்காம பஸ்ஸோட நீளத்தைப் பார்த்து ஏர்ற மாதிரி.

இப்ப பெட்டிக்கு வருவோம். கே.எல்.ஹெச். ஸ்பீக்கர் கம்பெனியோட பேர்ல இருக்கற 'ஹெச்', ஹாஃப்மன்ங்கறவர். அவர் பேர்ல ஒரு விதி உண்டு. சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், குறைஞ்ச பவர்ல அதிக சத்தம், இந்த மூணுல ரெண்டுதான் கிடைக்கும். மூணாவதைக் கடைக்காரர் வாயாலதான் தருவார். பொதுவா மூடின பெட்டியில ஒரு 12க்கு சுமார் 28 லிட்டர் காத்து வேணும். போர்ட் வச்சா 50க்கு மேல. போர்ட் வச்ச 15 இன்ச்னா 100 லிட்டரைத் தொட்டுடும். இது உள்பக்க அளவு, மரத்தோட கனம் தனி. 2018 ஸ்விஃப்ட்டோட டிக்கியே 268 லிட்டர்தாங்க! ஊருக்குப் போகும்போது அரிசி மூட்டையை அம்மா மடியிலயா வைக்கப் போறீங்க?

கலப்புக்கு வருவோம். ரெண்டு வேற வேற சைஸ் ஒரே அலைவரிசையில பாடினா ரெண்டோட ஃபேஸும் ஒத்துப் போகாது. ஒரு இடத்துல சேர்ந்து கத்தும், இன்னொரு இடத்துல ஒண்ணை ஒண்ணு அமுக்கிடும். என் சித்தப்பா பையனுக்கு ஒரு கடையில இதைத்தான் தலையில கட்டினாங்க. டூயல் 4 ஓம் 12 இன்ச் ஒண்ணு, காயில் ரெண்டையும் பேரலலா கட்டினா 2 ஓம். அதோட 4 ஓம் 8 இன்ச்சையும் பேரலலா சேர்த்தா 1.33 ஓம். ஆம்ப்ளிஃபயரோ 2 ஓமுக்குக் கீழ தாங்காத ரகம். சூடாகிச் சூடாகி ப்ரொடெக்ட் லைட்டைப் போட்டுப் படுத்துக்கும். மூணாவது வாரம் 8 இன்ச்சோட காயில் கருகிப் போச்சு. போனது அவனோட ரெண்டு மாசச் சம்பளம். கடையில கேட்டா "நீங்க சத்தமா வச்சிருப்பீங்க தம்பி"ன்னாங்களாம். சத்தமா வைக்கத்தானேய்யா வாங்கினான்!

தனித்தனி ஆம்ப், டி.எஸ்.பி., மைக் வச்சு அளந்து ட்யூன் பண்றவங்க தாராளமா கலக்கட்டும், அவங்களுக்கு ஒரு கும்பிடு. மத்தவங்களுக்கு ஒண்ணு போதலைன்னா அதே மாடல், அதே பெட்டி, இன்னொண்ணு. ரெண்டாவதுக்கும் அதே பவரைக் குடுத்தா சத்தம் 6 டெசிபல் வரை ஏறும்.

இன்னொரு விஷயம், கண்ணாடி ஏத்தின காரே ஒரு பெட்டிதான். சின்ன கார்ல சுமார் 60, 70 ஹெர்ட்ஸுக்குக் கீழ பேஸை அதுவே தூக்கிக் குடுக்கும். நாலு கம்பி பேஸ் கிடாரோட அடி நோட்டு 41 ஹெர்ட்ஸ். மூடின பெட்டியில நல்ல 10 இன்ச் ஒண்ணு இருந்தாலே அதைத் தெளிவா குடுத்துடும். ராஜா பாட்டுல பேஸ் கிடார் தனியா ஒரு கதை சொல்லிட்டுப் போகுமே, அந்த ஒவ்வொரு நோட்டும் தனித்தனியா காதுல விழணும்னுதானே இவ்வளவு செலவு? எல்லா நோட்டும் ஒரே 'தொம்'முன்னு கேக்குறதுக்கு டிக்கியில ஒரு டிரம்மை வச்சு ஆள் போட்டுத் தட்டச் சொல்லலாம். செலவாவது மிச்சம்.

அதனால மக்களே, கடைக்குப் போறதுக்கு முன்னாடி டேப் எடுத்து டிக்கியை அளங்க. எத்தனை லிட்டர் விட்டுக் குடுக்க முடியும்னு வீட்டுல கேளுங்க. அப்புறமா இன்ச் பேசலாம்.

டிஸ்கி: சத்தப் போட்டிக்கு வண்டி தயார் பண்றவங்களுக்கு இந்தப் பதிவு இல்லை. 15 இன்ச் ரசிகர்கள் பின்னூட்டத்துல கும்மலாம், ஆனா பெட்டி எத்தனை லிட்டர்னு சொல்லிட்டுக் கும்முங்க!