கல் கரையும் கணக்கு

2025 ஏப்ரலில் எக்ஸ்பிரைஸ் என்ற அமெரிக்க அமைப்பு 5 கோடி டாலர் முதல் பரிசு யாருக்கு என்று அறிவித்தது. நம் பணத்தில் 400 கோடி ரூபாய்க்கு மேல். காற்றில் இருக்கும் கரியமில வாயுவைப் பிடித்து நெடுங்காலத்துக்கு அடைத்துவைக்க வழி காட்டுபவர்களுக்கான போட்டி அது. பணம் கொடுத்தது ஈலான் மஸ்க்கின் அறக்கட்டளை. 2021இல் தொடங்கிய போட்டியில் 1,300 குழுக்கள் மோதின. காற்றை இயந்திரத்தால் வடிகட்டுபவர்கள், கடல்நீரோடு மல்லுக்கட்டுபவர்கள் என்று பெரிய பெரிய ஆட்களெல்லாம் இருந்தார்கள். முதல் பரிசைத் தட்டிக்கொண்டு போனது, சத்தீஸ்கரிலும் மத்தியப் பிரதேசத்திலும் சிறு விவசாயிகளின் நெல் வயலில் கல்மாவு தூவுகிற மாட்டி கார்பன் என்ற நிறுவனம். சாந்தனு அகர்வால் தொடங்கியது. 50 லட்சம் டாலர் பரிசு பெற்ற பிரிட்டனின் அண்டூ நிறுவனமும் கல்மாவுக்காரர்களே.

வயலில் மண் கொண்டுவந்து கொட்டுவது நமக்குப் புதிதில்லை. கோடையில் ஏரி வண்டலை வண்டி வண்டியாக அடித்தவர்கள்தான் நாம். இங்கே வண்டலின் இடத்தில் கிரஷர் தூள். முக்கால் ஜல்லி, அரை ஜல்லி, சிப்ஸ் என்று சலித்துப் பிரித்தபின் கடைசியாக அடியில் தங்குமே, அந்த மாவு. தமிழ்நாட்டில் எம் சாண்ட் காலம் வந்தபிறகு அந்தத் தூளுக்கும் விலை ஏறிவிட்டது. மத்திய இந்தியக் குவாரிகளில் கழிவாகக் கிடப்பதைத்தான் எடுக்கிறோம் என்கிறார்கள் மாட்டி கார்பன்காரர்கள். ஹெக்டேருக்கு 10 டன்னிலிருந்து 50 டன் வரை பல நாடுகளில் இட்டுப் பார்த்திருக்கிறார்கள். 20 டன் என்று வைத்துக்கொண்டால் ஏக்கருக்கு 8 டன். நம் ஊர்க் கணக்கில் கிட்டத்தட்ட இரண்டு யூனிட்.

எந்தக் கல்லாக இருந்தாலும் சரி என்று நினைத்துவிடக் கூடாது. நம்மூர்க் கருங்கல்லில் குவார்ட்ஸ் அதிகம், லேசில் கரையாது. வேண்டியது பசால்ட். எரிமலைக் குழம்பு இறுகிய கறுப்புக் கல். கால்சியமும் மக்னீசியமும் நிறைந்தது. மழைநீர் காற்றிலிருந்து கொஞ்சம் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு இறங்குகிறது. மண்ணுக்குள் வேரும் நுண்ணுயிரும் விடும் மூச்சில் அந்த வாயு இன்னும் பல மடங்கு இருப்பதால், அங்கே தண்ணீர் மெல்லிய அமிலமாகிறது. அந்த அமிலம் கல்லை அரிக்கிறது. கால்சியமும் மக்னீசியமும் வெளியே வர, வாயு பைகார்பனேட்டாக மாறி நீரோடு வடிந்து, வாய்க்கால், ஆறு, கடல் என்று போய்ச் சேருகிறது. கடலில் பத்தாயிரம் ஆண்டுக்கு மேல் அப்படியே இருக்கும். கல்கண்டைவிடச் சர்க்கரை சீக்கிரம் கரைவதுபோல, பாறையை மாவாக்கினால் இது வேகமாக நடக்கும். தொழில்நுட்பம் என்று சொன்னால் அவ்வளவுதான்.

வேதியியலில் யாருக்கும் சந்தேகமில்லை. பாறை அரிபடுவது காற்றின் கரியமில வாயுவை மட்டுப்படுத்துகிறது என்று 1845லேயே எழுதிவைத்தார் பிரான்சின் எபெல்மென். சிலிகேட் கல்லைக் கொண்டு இந்த வாயுவைக் கட்டிப்போடலாம் என்று 1990இல் நேச்சர் இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதினார் வால்டர் சைஃப்ரிட்ஸ். யாரும் தூண்டாமலே உலகத்துப் பாறைகள் ஆண்டுக்குச் சுமார் 100 கோடி டன் வாயுவை இப்படி விழுங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. நிலக்கரி, எண்ணெய், எரிவாயு, சிமென்ட் வழியாக நாம் விடுவது 3,700 கோடி டன்.

அந்த வித்தியாசத்தைப் பார்த்தபிறகும் இதை ஒதுக்கிவிட முடியவில்லை. 2020இல் நேச்சரில் வந்த டேவிட் பீர்லிங் குழுவின் கட்டுரை, உலகின் விளைநிலங்களில் கல்மாவு இட்டால் ஆண்டுக்கு 50 கோடியிலிருந்து 200 கோடி டன் வரை வாயுவை எடுக்கலாம் என்று மதிப்பிட்டது. முன்வரிசையில் நின்ற நாடுகள் சீனா, இந்தியா, அமெரிக்கா, பிரேசில். நமக்கு வெயிலும் மழையும் இருக்கிறது, கல்லும் இருக்கிறது. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பொங்கி வழிந்த தக்காணப் பசால்ட் 5 லட்சம் சதுர கிலோமீட்டருக்குப் பரந்து கிடக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் 2 கிலோமீட்டர் வரை கனம். பொங்கிய காலத்தில் ஏராளமான கரியமில வாயுவைக் கக்கிய அதே பாறையை இப்போது திருப்பி விழுங்கச் சொல்கிறோம். டார்ஜிலிங் தேயிலைக் குடும்பத்துச் சகோதரர்கள் நடத்தும் ஆல்ட் கார்பன் நிறுவனம் அங்கே கல்மாவுக்கு ராஜ்மகால் குன்றுப் பசால்ட்டை எடுத்துக்கொள்கிறது. கல் பக்கத்தில் இருப்பது முக்கியம். லாரி டீசலும் கிரஷர் மின்சாரமும் கக்கும் வாயுவைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் லாபம்.

ஆனால் பசால்ட் தூள் ஒரு டன் முழுக்கக் கரைந்தாலும் சுமார் 0.3 டன் வாயுவைத்தான் பிடிக்கும். 100 கோடி டன் பிடிக்க 300 கோடி டன்னுக்கு மேல் கல் அரைக்க வேண்டும். இந்தியா 2024-25இல் தோண்டிய மொத்த நிலக்கரி 100 கோடி டன்னைத் தாண்டியதற்கே விழா எடுத்தோம். அதைப்போல மூன்று பங்கு மலை.

விவசாயிக்கு என்ன லாபம்? கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது. புளித்த மண்ணின் அமிலம் தணியும். மக்னீசியம், கால்சியம், சுவடாகச் சில நுண்சத்துகள் கிடைக்கும். சிலிக்கான் நெல்லுக்கு நல்லது. தாள் விறைப்பாக நிற்கும், குலைநோயைத் தாங்கும். அமெரிக்க மக்காச்சோள வயல் ஆய்வொன்றில் மகசூல் 12 முதல் 16 சதவீதம் கூடியது. மத்திய இந்திய வயல்களில் 20 சதவீதம் வரை கூடுகிறது என்பது மாட்டி கார்பனின் சொல். தூளை இலவசமாக விட்டுவிட்டுப் போகிறார்கள். பிரேசில் 2013லேயே கல்மாவுக்கு உரச் சட்டத்தில் இடம் கொடுத்துவிட்டது. இந்த அளவில் நின்றிருந்தால் எனக்கு எழுத ஒன்றுமே இல்லை.

விற்கிற சரக்கு வேறு என்பதால்தான் எழுதுகிறேன். அவர்கள் விற்பது, இத்தனை டன் வாயு காற்றிலிருந்து போய்விட்டது என்ற சான்று. கல்லும் நெல்லும் சத்தீஸ்கரிலேயே இருக்கும். சான்று கலிஃபோர்னியாவுக்குப் போகும். 2023 டிசம்பரில் ஸ்ட்ரைப், ஆல்ஃபபெட், ஷாப்பிஃபை போன்றவை சேர்ந்து நடத்தும் ஃப்ரன்டியர் என்ற கூட்டு, லித்தோஸ் என்ற அமெரிக்கக் கல்மாவு நிறுவனத்திடம் 1,54,240 டன்னை 5.71 கோடி டாலருக்கு முன்கூட்டியே பேசி முடித்தது. டன்னுக்கு 370 டாலர். கண்ணால் பார்க்க முடியாத, 2028க்குள் நடந்திருக்க வேண்டிய ஒன்றுக்கு.

எப்படி அளக்கிறார்கள்? ஒரு ஏக்கரில் அரை அடி ஆழத்துக்கு உழுமண் ஏறக்குறைய 850 டன் இருக்கும். அதில் 8 டன் தூளைக் கலக்கிறோம். நூற்றில் ஒரு பங்கு. ஒரு பருவம் கழித்து அந்த ஒரு பங்கில் எத்தனை பங்கு கரைந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒரே வயலில் வரப்போரத்து மண்ணுக்கும் மடைவாய் மண்ணுக்கும் இருக்கிற வித்தியாசமே இதைவிட அதிகம் என்று எந்த விவசாயியும் சொல்வார். இதற்கு ஒரு கெட்டிக்கார யுக்தி உண்டு. பசால்ட்டில் டைட்டானியம் இருக்கிறது. அது அவ்வளவாகக் கரையாது. மண்ணில் டைட்டானியம் எவ்வளவு கூடியிருக்கிறது என்று பார்த்தால் எவ்வளவு தூள் விழுந்தது என்று தெரியும். கால்சியமும் மக்னீசியமும் அதற்கேற்பக் கூடாமல் எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவு கரைந்திருக்கிறது. தூள் இடாத பக்கத்து வயலிலும் மண் எடுத்து ஒப்பிடுவார்கள். நல்ல முறைதான்.

கல் கரைந்தது என்பதற்கு அது கணக்குச் சொல்லும். எந்த அமிலத்தால் கரைந்தது என்று சொல்லாது. யூரியா போட்டால் மண்ணில் நைட்ரிக் அமிலம் உண்டாகிறது. அந்த அமிலம் கல்லைக் கரைத்தால் கரியமில வாயு ஒரு கிராம்கூடப் பிடிபடாது. அமிலம் மிகுந்த மண்ணில் இந்த ஏமாற்று இன்னும் அதிகம். யூரியா இல்லாத நெல் வயலை நம் நாட்டில் காட்டுங்கள் பார்க்கலாம்.

வெளிவந்த கால்சியமும் உடனே ஆற்றுக்குப் போய்விடுவதில்லை. களிமண் துகள் அதைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. பல ஆண்டு, சில இடங்களில் பல பத்தாண்டு. அதுவரை பைகார்பனேட்டும் உருவாகிப் போகாது. விற்றதோ போன வருடத்துச் சான்று. வறண்ட, காரமான மண்ணில் பைகார்பனேட் சுண்ணாம்பாகப் படிந்தால் பிடித்த வாயுவில் பாதி திரும்பக் காற்றுக்கே போகும். கணக்கில் இதற்கெல்லாம் கழிவு விடுகிறோம் என்கிறார்கள். சிலர் உண்மையாகவே விடவும் செய்கிறார்கள். ஆனால் எவ்வளவு கழிப்பது என்பதைப் பெரும்பாலும் கணினி மாதிரிதான் சொல்கிறது. வாங்குபவருக்கும் விற்பவருக்கும் டன் அதிகமாக இருந்தால்தான் சந்தோஷம். மூன்றாம் ஆளாக வந்து சரிபார்க்கும் பதிவு நிறுவனத்துக்கும் கூலி இந்த வியாபாரத்திலிருந்தே வருகிறது. மழைக்காட்டைக் காத்ததாகச் சொல்லி விற்ற சான்றுகளின் கதி என்ன ஆனது என்று 2023இல் செய்தித்தாள்கள் கிழித்துத் தொங்கவிட்டதை நாம் இன்னும் மறக்கவில்லை.

நான் கல்லை நம்புகிறேன். சான்றை, மண்மாதிரிக் கணக்கு முழுவதையும் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம் என்று வைத்தால் நம்புகிறேன். சில நிறுவனங்கள் வைக்கின்றன. பல நிறுவனங்களுக்கு அது வியாபார ரகசியம்.

கல் இந்த வாயுவை எப்படிப் பிடித்துவைக்கும் என்று பார்க்க ஆசைப்படுபவர்கள் சேலத்திலிருந்து ஓமலூர் சாலையில் போனால் போதும். பெரியார் பல்கலைக்கழகம் இருக்கும் பக்கம், வெள்ளைக்கல் சுரங்கங்கள். டியூனைட் என்ற கரும்பச்சைப் பாறைக்குள் கரியமில வாயு கலந்த நீர் புகுந்து, மக்னீசியத்தோடு சேர்ந்து, வெள்ளை வெள்ளையாக நரம்போடிக் கிடக்கிறது. அதுதான் மேக்னசைட். எடையில் பாதிக்கு மேல், 52 சதவீதம், கரியமில வாயு. அந்த வாயு எங்கிருந்து வந்தது என்பது தனி விவாதம். கல்லுக்குள் பத்திரமாக இருக்கிறது என்பதில் விவாதமில்லை. அதை வெட்டியெடுத்து, கறுப்பை நீக்கி வெள்ளையைப் பிரித்து, சூளையில் 1,500 டிகிரிக்கு மேல் சுட்டு, எஃகு உலைக்கான செங்கல்லுக்குக் கொடுக்கிறோம். சுடும்போது அந்தப் பாதி எடையும் காற்றுக்குப் போகிறது. உலைக்குச் செங்கல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் காற்றிலிருந்து ஒரு டன் எடுக்க 370 டாலர் கொடுக்கும் உலகத்தில், கல்லிலிருந்து வெளியேறும் டன்னைப் பற்றிக் கேட்க ஆளில்லை என்பது விசித்திரம்தான்.

டியூனைட்டையே அரைத்து வயலில் தூவினால் என்ன என்று கேட்கலாம். பசால்ட்டைவிட நான்கு மடங்கு வாயுவைப் பிடிக்கும் கல்தான். கூடவே நிக்கலும் குரோமியமும் தாராளமாக இருக்கும். அரிசிக்கு அது ஆகாது. பசால்ட்டிலும் குறைந்த அளவில் உண்டு. குவாரிக்குக் குவாரி மாறும். நான் விவசாயியாக இருந்தால், லோடு இறங்கும் முன் அந்தக் குவாரிக் கல்லின் பரிசோதனைச் சீட்டைக் கேட்பேன். தூளை ஈரமாக்கித்தான் கொட்ட வேண்டும் என்றும் சொல்வேன். பசால்ட்டில் படிக சிலிக்கா குறைவுதான் என்றாலும், நெஞ்சுக்குள் போகும் கல்மாவு கல்மாவுதான். வீசுகிற கை கூலிக்காரருடையது.

பங்குக் கணக்கு ஒன்று பாக்கி இருக்கிறது. ஏக்கருக்கு 8 டன் தூள் முழுக்கக் கரைந்தால் 2.4 டன் வாயு. லித்தோஸ் விலையில் பார்த்தால் சுமார் 75,000 ரூபாய். சத்தீஸ்கர் அரசு ஏக்கருக்கு 21 குவிண்டால் நெல்லை, குவிண்டால் 3,100 ரூபாய்க்கு எடுத்துக்கொள்கிறது: 65,100 ரூபாய். ஒரு போகத்து நெல்லைவிட அந்த மண்ணில் கரையும் கல்லுக்குக் காகிதத்தில் அதிக மதிப்பு. முழுக்கக் கரையப் பல ஆண்டாகும், லாரி, ஆய்வகம், சம்பளம் எல்லாம் போகும், விலையும் இறங்கும் என்பது சரி. பீர்லிங் குழு கணித்த செலவே டன்னுக்கு 80 முதல் 180 டாலர்தான். அப்படிக் கழித்தாலும், இலவசத் தூளும் கூடுதல் மகசூலும்தான் உன் பங்கு என்று நிலத்துக்காரரிடம் சொல்வது எந்த அளவில் நியாயம் என்று யாராவது உட்கார்ந்து எழுதிக் காட்ட வேண்டும்.

நிலத்துக்காரர் என்றேன். அங்கே அதியா என்று பாதிப் பங்குக்கு உழுபவர்கள் ஏராளம்; நம் ஊர் வாரம் மாதிரி. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது பட்டாவில் பெயர் இருப்பவர். தூளை விசிறுவதும், மண்மாதிரி எடுக்க வருபவருக்கு வரப்பைக் காட்டுவதும், அடுத்த வருடமும் இதே வயலை உழுவோமா என்று தெரியாமல் இருப்பதும் இன்னொருவர். மகசூல் கூடினால் அவருக்குப் பாதி கிடைக்கும். சான்று விற்ற பணத்தில் பங்கு வருமானால் அதில் அவருக்கு எவ்வளவு என்பதை, அவருக்குப் புரிகிற சத்தீஸ்கரியில், அந்தத் தாளிலேயே எழுதச் சொல்ல வேண்டும்.