காட்டியவர் யார்?

சுந்தரவனக் கழிமுகத்துக்குப் படமெடுக்கச் சென்று திரும்புகிறவர்களின் பதிவுகள் ஒவ்வோர் ஆண்டும் குளிர்காலத்தில் சமூக ஊடகங்களை நிறைக்கின்றன. படத்தின் கீழுள்ள குறிப்பு ஏறத்தாழ ஒரே அச்சில் வார்க்கப்பட்டிருக்கும்: உயிரினத்தின் அறிவியல் பெயர், கேமராவின் பெயர், லென்ஸின் குவியத் தூரம், ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ எண், இடம், நாள். தமிழில் எழுதுகிறவர்கள் இவற்றோடு ஒரு வாக்கியமும் சேர்ப்பதுண்டு: மூன்று நாள் காத்திருந்ததன் பயனாக எனக்குப் புலி கிடைத்தது.

இவ்வாக்கியத்தின் இலக்கணத்தைச் சற்று நின்று நோக்க வேண்டும். 'கிடைத்தது' என்னும் வினைக்குப் புலி எழுவாய். படமெடுத்தவர் நான்காம் வேற்றுமை ஏற்றுப் பயன் பெறுபவராக நிற்கிறார். கொடுத்தவர் என்றோர் இடமே அவ்வினையின் அமைப்பில் இல்லை. வரம் கிடைத்தது, வாய்ப்புக் கிடைத்தது என்பதுபோலப் புலியும் எங்கிருந்தோ வந்து கையில் விழுந்துவிடுகிறது. மொழி பொய் சொல்லவில்லை; ஒருவரை விட்டுவிட்டுச் சொல்லும் வசதியைத் தருகிறது, அவ்வளவே. அவ்வசதியை யார், எதற்காக, யாருக்கு எதிராகப் பயன்படுத்துகிறார்கள் என்பதே கேள்வி.

படகில் நடப்பது முற்றிலும் வேறு. கோத்காலி படித்துறையில் ஏறி, வனத்துறை அனுமதி பெற்று, விதிப்படி உள்ளூர் வழிகாட்டி ஒருவரை உடன் வைத்துக்கொண்டுதான் எந்தப் படகும் காட்டுக்குள் நுழைய இயலும். காவல் கோபுரங்கள் அமைந்த சில இடங்களைத் தவிரப் பயணிகள் கரையில் கால் வைக்கக் கூடாது. ஆகவே காணுதல் அனைத்தும் நீரிலிருந்தே நிகழ வேண்டும். நீரோ நாளுக்கு இருமுறை ஏறி இருமுறை இறங்குகிறது. வற்று நேரத்தில்தான் சேற்றுக் கரை வெளிப்படும். குளிர்கால வெயிலில் உடல் காய்ச்ச முதலை அதன்மேல் ஏறும். சேற்றுமீனையும் நண்டையும் தேடிக் கொக்கும் மீன்கொத்தியும் இறங்கும். எந்த ஓடையில் எந்த நேரத்தில் கரை எவ்வளவு வெளிப்படும், திரும்பி வரும்போது படகு தரைதட்டாமலிருக்க எப்போது புறப்பட வேண்டும் என்பவை படகோட்டியின் தலைக்குள் உள்ள கணக்கு.

சேற்றில் பதிந்த அடித்தடத்தைப் படிப்பதும் அத்தகைய கணக்கே. ஏற்றநீர் தொடும் கோட்டுக்குக் கீழே ஒரு தடம் இருக்குமானால் அது முந்தைய ஏற்றத்துக்குப் பின் பதிந்ததாகத்தான் இருக்க வேண்டும். அதாவது சில மணி நேரத்துக்கு உட்பட்டது. அதன் விளிம்பு கூர்மையாக உள்ளதா, நீர் ஊறிக் குழைந்துள்ளதா என்பது அந்தச் சில மணி நேரத்தையும் சுருக்கிக் காட்டும். தடம் நீரை நோக்கி இறங்குகிறதா, காட்டை நோக்கி ஏறுகிறதா? இறங்குமாயின் எதிர்க்கரையில் அது ஏறிய இடத்தைத் தேட வேண்டும், ஏனெனில் இக்காட்டுப் புலி ஆறுகளை நீந்திக் கடப்பது. பின்னர் ஹேந்தால் புதர். ஈச்சை இனத்தைச் சேர்ந்த அந்தப் புதரின் மஞ்சள் தோய்ந்த ஓலைகளுக்கு இடையே புலியின் வரிகள் மறைந்துபோகும். மானின் எச்சரிக்கைக் குரல் எத்திசையிலிருந்து வந்தது என்று செவி சாய்த்து, இயந்திரத்தை நிறுத்தச் சொல்லி, அந்தப் புதரை விரல் நீட்டிச் சுட்டுகிறவர் வழிகாட்டி. அதன் பிறகு ஒரு பொத்தான் அழுத்தப்படுகிறது.

சுட்டும்போதும் அவர் புலியைப் பெயர் சொல்லாமலே சுட்டக்கூடும். வங்காள மொழியில் புலியைக் குறிக்கும் 'பாக்' என்னும் சொல்லைக் காட்டுக்குள் உச்சரிக்கலாகாது என்பது அங்குள்ளோரிடையே வழங்கும் மரபு, 'மாமா' என்பார்கள். பெயரைச் சொன்னால் அழைத்ததாகும். நாகத்தை 'நல்ல பாம்பு' என்று சொல்லி மங்கல வழக்குக்கு எடுத்துக்காட்டுத் தரும் தமிழ் இலக்கண வகுப்புக்கு இது அயலான செய்தி அன்று. படமெடுக்க வந்தவர்கள் 'டைகர், டைகர்' என்று கூவும் அதே படகில் இவ்வளவு நுண்மையான மொழி நடத்தையும் உட்கார்ந்திருக்கிறது.

தமிழில் 'காண்' என்னும் தன்வினைக்குப் பிறவினை 'காட்டு'. வங்காளத்திலும் 'தேகா', 'தேகானோ' என்று இதே இணை உண்டு. கழிமுகத்தில் நிகழ்ந்தது பிறவினை: ஒருவர் காட்டினார், மற்றவர் கண்டார். பதிவில் எஞ்சுவது தன்வினை மட்டும். பல வேளைகளில் அதுவும் தேய்ந்து, செய்பவரே இல்லாத 'கிடைத்தது' ஆகிவிடுகிறது. லென்ஸை உருவாக்கிய நிறுவனத்தின் பெயர் மட்டும் எழுத்துப் பிழையின்றி இடம் பெறும்.

பெயர் விடுபட்டால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்பவர்கள் அந்த வழிகாட்டியின் ஆண்டு முழுவதையும் பார்க்கட்டும். இந்தியச் சுந்தரவனத்தின் 102 தீவுகளில் 54இல் மக்கள் வாழ்கின்றனர். 1973இல் புலிகள் காப்பகமாகவும் 1984இல் தேசியப் பூங்காவாகவும் 1987இல் யுனெஸ்கோவின் உலக மரபிடமாகவும் அக்காடு உயர்ந்துகொண்டே சென்றது. ஒவ்வோர் உயர்விலும் கரையோரத்தார் புழங்கும் நீர்ப்பரப்பு சுருங்கிக்கொண்டே வந்தது. மீனும் நண்டும் பிடிக்க வனத்துறையின் படகு உரிமச் சான்று வேண்டும். பல்லாண்டுகளுக்கு முன் வழங்கப்பட்ட அச்சான்றுகள் சில நூறு படகுகளுக்கே உள்ளன. அவற்றை வைத்திருப்போரில் பலர் இன்று மீன்பிடிப்பதே இல்லை; பருவத்துக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விடுகிறார்கள். வாடகை கொடுக்க இயலாதவர் சான்றின்றி நுழைகிறார். சான்று உள்ளவரும் காப்பகத்தின் மையப்பகுதிக்குள் நுழையக் கூடாது. நண்டு அந்த எல்லையை அறியாது, புலியும் அறியாது.

குளிர்காலத்தில் ஓடையின் வாயிலில் 'எங்கள் அனுபவமிக்க உள்ளூர் வழிகாட்டி' என்று விளம்பரத்தில் வருகிற அதே குடும்பத்து மனிதர், வேறொரு மாதத்தில் அதே ஓடைக்குள் நண்டுக் கயிற்றோடு சென்றால் 'அத்துமீறி நுழைந்தவர்'. அறிவு ஒன்றே, ஓடை ஒன்றே, பெயர்ச்சொல் மட்டும் மாறுகிறது. அவரைப் புலி அடித்தால் அச்சொல் அவருடைய வீட்டின்மேல் விழும். சட்டவிரோதமாக நுழைந்தவர் என்ற காரணத்தால் இழப்பீடு மறுக்கப்படும். வழக்குக்கு அஞ்சிச் சாவையே வெளியில் சொல்லாமல் விடும் குடும்பங்களும் உண்டு. இறந்தவர் மையப்பகுதியில் இறந்தார் என்பதைக் காட்டி இழப்பீட்டை மறுக்கலாகாது என்று ஒரு விதவையின் வழக்கில் கல்கத்தா உயர்நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. இவ்விதவைகளுக்கு வங்காளத்தில் 'பாக் பிதவா', புலி விதவை, என்று தனிப்பெயரே உண்டு. அப்பெயரில் கணவனின் பெயர் இல்லை. அவனைக் கொன்ற விலங்கின் பெயர் மனைவிக்கு அடைமொழியாகிறது. அவர்களையும் படமெடுத்துச் செல்பவர்கள் உண்டு என்பதை மட்டும் இங்கே சொல்லி நகரலாம்.

கூலி கொடுத்தாகிவிட்டதே என்பது வழக்கமான மறுமொழி. கூலி உழைப்புக்கு விலை. அறிவுக்குரிய உடைமையை விலைக்கு வாங்கிவிட்டதாக அது பொருள்படாது. ஆய்வு நெறியாளருக்குச் சம்பளம் உண்டு என்பதற்காக அவர் பெயரை ஆய்வேட்டிலிருந்து நீக்க எந்த மாணவரும் துணிவதில்லை. புகைப்படச் சுற்றுலாவே அத்தீவுகளுக்கு வருமானம், அதனால்தான் காடு பிழைத்திருக்கிறது என்பது இரண்டாவது மறுமொழி. அதில் உண்மை உண்டு. ஆனால் அவ்வருமானம் எந்த வகையில் வருகிறது? புலி தென்பட்டால் அன்பளிப்பு, தென்படாவிட்டால் முகச்சுளிப்பு. ஆற்றை நீந்திக் கடக்கும் புலியை இன்னும் சற்று நெருங்கச் சொல்லி அழுத்தம் தருபவர் பயணி. நெருங்கினால் உரிமம் பறிபோவது படகுக்காரருக்கு. பரிசு வாங்கும் படத்தில் அந்த அழுத்தம் தெரிவதில்லை.

இலக்கியம் இதை முன்பே அறிந்திருந்தது. அமிதவ் கோஷின் 'தி ஹங்ரி டைட்' 2004இல் வெளிவந்தது. ஓங்கில் ஆய்வுக்காக அமெரிக்காவிலிருந்து வரும் பியா என்னும் ஆய்வாளரை ஃபோகிர் என்னும் எழுத்தறியா மீனவர் தம் படகில் ஓடை ஓடையாக அழைத்துச் சென்று காட்டுகிறார். அவர் காட்டிய வழிகள் அவளுடைய கருவியில் தரவாகச் சேர்கின்றன. இறுதியில் அவள் தன் ஆய்வுத் திட்டத்துக்கு அவர் பெயரைச் சூட்ட விரும்புகிறாள். நாவலை வகுப்பில் வைத்து நெகிழும் பேராசிரியர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை: அந்தப் பெயர் சூட்டலுக்கு முன் ஃபோகிர் புயலில் இறந்தாக வேண்டியிருந்தது.

புகைப்படக்காரர்களை மட்டும் குறை சொல்லிக் கல்வியுலகம் கை கழுவிக்கொள்ள முடியாது. இப்படங்கள் இன்று ஈபேர்ட், ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களில் நாளும் இடமும் குறிக்கப்பட்டுத் தரவாகின்றன, பரவல் வரைபடங்களாகின்றன, ஆய்வுக்கட்டுரைகளாகின்றன. 'பார்வையாளர்' என்ற கட்டத்தில் கணக்கு வைத்திருப்பவர் பெயர் இருக்கும். பழுப்புச் சிறகு மீன்கொத்தி அமர்ந்திருந்த கிளையை முதலில் கண்ட கண் அந்தக் கட்டத்துக்குள் நுழைவதில்லை. நன்றியுரையில் 'உள்ளூர் மக்களின் உதவி' என்று ஒரு தொகைப்பெயர் வரும். பூச்சியின் துணையினத்தையும் பிரித்தறியும் துறைக்கு மனிதர் என்றால் மட்டும் 'மக்கள்' போதுமாகிவிடுகிறது.

மொழியியலும் இக்குற்றத்தைச் செய்த துறைதான். இலக்கணங்கள் நெடுங்காலம் 'தகவலாளி' என்ற ஒற்றைச் சொல்லிலும் பெயரின் முதலெழுத்துகளிலும் ஒரு மொழியின் பேச்சாளர்களை அடக்கி வைத்தன. இன்று களப்பணி இலக்கணங்கள் பலவற்றில் பேச்சாளரின் பெயர், அவர் இசைவு தந்த அளவில், முன்பக்கத்திலும் ஒவ்வொரு கதையின் தலைப்பிலும் உள்ளது. சில கட்டுரைகளில் அவர் இணை ஆசிரியர். அதனால் அறிவியல் தளர்ந்துவிடவில்லை. ஒரு வாக்கியத்தை யார் சொன்னார் என்பது தெரிந்தால் தரவு மேலும் உறுதியாகிறது. ஒரு தடத்தைப் புதியது என்று யார் மதிப்பிட்டார் என்பதற்கும் அதே நியாயம் பொருந்தும்.

பெயரை வெளியிட்டால் அவருக்கே தீங்கு வராதா என்னும் ஐயம் மட்டும் பொருட்படுத்தத் தக்கது. சான்றின்றி நண்டு பிடிக்கப் போகிறவர் தம் ஓடையறிவு பொதுவெளியில் பதிவாவதை விரும்பாமலிருக்கலாம். அப்படியானால் அவரைக் கேட்க வேண்டும். அவர் வேண்டாம் என்றால் 'வழிகாட்டி தம் பெயரைத் தவிர்க்கச் சொன்னார்' என்று ஒரு வரி எழுத வேண்டும். அரிய பறவையின் கூடு இருக்கும் இடத்தை அதன் பாதுகாப்புக்காக மறைத்து, மறைத்திருப்பதையும் குறிப்பில் சொல்லிப் பெருமைப்படுகிற அதே படப்பிடிப்பாளர்களுக்கு இந்த வேறுபாடு புரியாதது அன்று. காக்கும் மௌனத்தை அவர்கள் நன்கறிவார்கள். கூட்டுக்குக் காட்டும் அந்தக் கரிசனத்தோடு ஒருமுறையேனும் படகின் முன்முனையில் நிற்பவரிடம் திரும்பி, உங்கள் பெயரை எப்படி எழுத வேண்டும் என்று கேட்டதுண்டா?