பலகை மாட்டினால் போதுமா?

பரீட்சையில் தோற்ற மகன் சாப்பிட மறுக்கிறான். அறையை விட்டு வெளியே வருவதில்லை. தாய்க்கு வயிறு கலங்குகிறது.

தெருக்கோடியில் ஒரு பலகை தொங்குகிறது. "இங்கு மன ஆலோசனை வழங்கப்படும்" என்று எழுதியிருக்கிறது. தாய் மகனை அழைத்துக்கொண்டு ஓடுகிறாள்.

உள்ளே இருப்பவர் யார்? என்ன படித்தவர்? யாரிடம் தொழில் கற்றவர்? தாய் கேட்பதில்லை. அப்படிக் கேட்கலாம் என்பதே அவளுக்குத் தெரியாது.

பல் பிடுங்கப் போனால் டாக்டரா என்று விசாரிக்கிறார்கள். பிள்ளையின் மனத்தை ஒப்படைக்கும்போது மட்டும் விசாரிப்பதில்லை. இது சரியா?

புத்திமதி வேறு, சிகிச்சை வேறு

"கவலைப்படாதே, தைரியமாக இரு" என்று சொல்லப் பட்டம் தேவையில்லை. பாட்டியே சொல்லிவிடுவாள்.

மனோதத்துவம் கற்றவரின் வேலை வேறு. அவர் முதலில் கேட்கிறார். பையன் வாய் திறக்கும்வரை காத்திருக்கிறார். உயிரை விடும் எண்ணம் உண்டா என்பதை நேராகவே கேட்டுத் தெரிந்துகொள்கிறார். தைராய்டு குறைந்தாலும் சோர்வும் மந்தமும் வரும். அந்தச் சந்தேகம் வந்தால் டாக்டரிடம் அனுப்புகிறார். கேட்ட ரகசியத்தைக் காக்கிறார்.

புத்தகத்தைப் படித்துவிட்டால் இந்தப் பக்குவம் வந்துவிடாது. தையல் கற்க வருகிறவனிடம் முதல் நாளே பட்டுத் துணியைக் கொடுப்பார்களா? காஜா எடுக்கவிட்டுப் பக்கத்திலேயே ஆசான் நிற்பார். மனத்தைத் தைப்பதற்கும் அப்படி ஓர் ஆசான் வேண்டும்.

ஏழு ஆண்டுப் படிப்பு

இந்தப் பயிற்சி நம் நாட்டுக்குப் புதியதல்ல. 1954-ல் பெங்களூரில் அகில இந்திய மனநல நிலையம் ஏற்பட்டது. மறு ஆண்டே அங்கு மருத்துவ மனோதத்துவப் படிப்பு தொடங்கியது. அந்த நிலையம்தான் இன்றைய நிமான்ஸ்.

பட்டப் படிப்பு 3 ஆண்டு. முதுகலை 2 ஆண்டு. அதற்கு மேல் ஆஸ்பத்திரியில் 2 ஆண்டுப் பயிற்சி. நெடுங்காலமாக இருந்துவரும் பாதை இது. மாணவி நோயாளியிடம் பேசுகிறாள். கேட்டதை எழுதுகிறாள். ஆசிரியர் வரி வரியாகப் பார்க்கிறார். "ஏன் அவசரப்பட்டு அறிவுரை சொன்னாய்?" என்று கேட்கிறார். அந்தக் கேள்விதான் அவளை நிபுணராக்குகிறது.

2017-ம் ஆண்டின் மனநலச் சட்டமும், மேற்பார்வையில் பெற்ற பயிற்சி வேண்டும் என்கிறது. பட்டத்தின் பெயர் நாளை மாறலாம். பயிற்சி மட்டும் குறையக்கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

மருத்துவ மனோதத்துவ நிபுணர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பெயரைப் பதிய வேண்டும். பதியாமல் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை உண்டு என்கிறது 1992-ம் ஆண்டுச் சட்டம்.

ஆனால் "ஆலோசகர்" என்ற பெயருக்கு நெடுநாள் காவல் இல்லை. 2021-ல் வந்த சட்டம்தான் அவர்களையும் பதிவுக்குள் கொண்டுவர வழி செய்தது. அது ஏட்டோடு நின்றுவிடக்கூடாது.

"ஆளே கிடைக்காத நாட்டில் இத்தனை கெடுபிடி எதற்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். கேள்வியில் நியாயம் உண்டு. 2015-16-ல் 12 மாநிலங்களில் கணக்கெடுத்தார்கள். மனநோய் உள்ளவர்களில் பெரும்பாலோர் சிகிச்சையே பெறவில்லை என்று தெரிந்தது.

அதற்காக அரைகுறைப் பயிற்சி மருந்தாகுமா? சென்னையில் 1986 முதல் சிநேகா என்ற தொண்டு நிலையம் இயங்குகிறது. அங்கே தொண்டர்கள் துயரப்படுகிறவர்களுக்குக் காது கொடுக்கிறார்கள். அதற்கும் பயிற்சி பெற்றே அமர்கிறார்கள். தங்களை வைத்தியர் என்று சொல்லிக்கொள்வதில்லை. அந்த நேர்மை பலகை மாட்டுகிறவர்களுக்கும் வேண்டும்.

செய்ய வேண்டியது

சர்க்கார் கல்லூரிகளில் பயிற்சி இடங்கள் பெருக வேண்டும். பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை வேண்டும். ஏழு ஆண்டு படிக்க ஏழை வீட்டுப் பெண்ணால் முடியுமா? முடியும்படி செய்வது சர்க்காரின் கடமை.

பெற்றோருக்கும் கடமை உண்டு. மூன்று கேள்விகள் போதும். என்ன படித்தீர்கள்? யாரிடம் பயிற்சி பெற்றீர்கள்? பதிவு எண் என்ன? உண்மையாகக் கற்றவர் கோபிக்க மாட்டார். மகிழ்ச்சியோடு சொல்வார்.

போக இடம் தெரியாதவர்கள் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். 2022-ல் சர்க்கார் தொடங்கிய இலவச உதவி அது.

உடைந்த பானையை மாற்றிக்கொள்ளலாம். உடைந்த மனத்தை மாற்ற முடியாது. பக்குவமாக ஒட்டத்தான் வேண்டும். ஒட்டத் தெரிந்தவரா என்று கேட்டுவிட்டுக் கொடுப்பதில் வெட்கம் என்ன?