பாலில் தண்ணீரா, மாட்டின் வயிற்றில் பசியா?

மாடு கன்று போட்டு மூன்று வாரம் ஆகிறது. சீம்பால் கழிந்து, நல்ல பால் ஏறி வரும் நாட்கள். மதுரைக்கு வடக்கே ஆனையூரிலும் சுற்று வட்டாரத்திலும் ஒற்றை மாட்டை நம்பிக் கடன் தவணை கட்டும் குடும்பங்களுக்கு, வருஷத்தில் கையில் நாலு காசு புரள வேண்டிய சமயம் இதுதான். இதே சமயத்தில்தான் பால் ஊற்றும் இடத்தில், “டிகிரி இறங்கிப் போச்சே, தண்ணி சேர்த்தியா?” என்ற கேள்வியும் வருகிறது. விலையில் பிடித்தம் விழுகிறது. பிடித்தத்தை விட அந்தக் கேள்விதான் உழைப்பாளி வீட்டுப் பெண்களை அதிகம் சுடுகிறது.

தண்ணீர் கலப்பவர்களே நாட்டில் இல்லை என்று நாம் சாதிக்க வரவில்லை. கலப்பவர்களைப் பிடிக்கட்டும். ஆனால் கன்று ஈன்ற மாட்டின் பாலில் சத்து இறங்குவதற்கு வேறொரு காரணமும் உண்டு. விஞ்ஞானிகள் நன்கறிந்த அந்தக் காரணத்தைப் பால் ஊற்றுகிறவர்களுக்கு எடுத்துச் சொல்வார் இல்லை.

கணக்கைப் பாருங்கள். 400 கிலோ எடையுள்ள கலப்பின மாடு, ஒரு சொட்டுப் பாலும் கறக்காமல் சும்மா நின்று உயிர் வாழவே நாளொன்றுக்கு ஏறக்குறைய 7,000 கலோரி வேண்டும். ஒரு லிட்டர் பாலில் சுமார் 700 கலோரி சக்தி இருக்கிறது. 10 லிட்டர் கறந்தால் இன்னும் 7,000. நாள் முழுவதும் மூட்டை சுமக்கும் தொழிலாளிக்கு 3,500 கலோரி வேண்டும் என்று வைத்துக்கொண்டால், இரண்டு பேருடைய முழு நாள் சாப்பாடு அந்தக் கறவைக் குடத்தில் இருக்கிறது! இவ்வளவும் எங்கிருந்து வரும்? தீவனத்திலிருந்துதான் வர வேண்டும்.

இங்கேதான் சிக்கல். கன்று போட்ட ஐந்து முதல் எட்டு வாரத்திற்குள் பால் உச்சத்திற்கு ஏறிவிடுகிறது. மாட்டின் பசியோ அவ்வளவு வேகமாக ஏறுவதில்லை. அது முழுத் தீனி எடுக்கப் பத்து, பன்னிரண்டு வாரமாகும். இடையில் விழும் துண்டை மாடு தன் உடம்பைக் கரைத்துக் கட்டுகிறது. ஒரு கிலோ உடம்பு கரைந்தால் சுமார் 6 லிட்டர் பாலுக்குச் சக்தி கிடைக்கும். விலா எலும்பு தெரிகிறதே, அதுதான் அந்தக் கடனின் கணக்குப் புத்தகம். (நம் பக்கத்துப் புலிக்குளம் மாட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை. அது தன் கன்றுக்கு வேண்டியதைத்தான் சுரக்கிறது. அதிகப் பாலுக்காக நாம் உண்டாக்கிய கலப்பின மாடுதான் இந்தக் கடனில் விழுகிறது.)

உடம்பிலிருந்து கரைந்த கொழுப்பு ரத்தத்தின் வழியாக மடிக்குப் போகிறது. ஆகவே பாலில் கொழுப்பு குறைவதில்லை. சில சமயம் கூடவும் செய்யும். ஆனால் பாலின் புரதம் உருவாக, தானியமும் பிண்ணாக்கும் இரைப்பையில் செரித்தாக வேண்டும். வெறும் வைக்கோலைத் தின்னும் மாட்டுக்கு அதற்கு வழியில்லை. புரதம் இறங்குகிறது, அதோடு கொழுப்பு நீங்கிய திடச்சத்தும் இறங்குகிறது. இன்னொன்றும் உண்டு. கொழுப்பு தண்ணீரை விட லேசானது. கொழுப்பு கூடிய பாலில் பால்மானி சற்று அதிகமாகவே அமிழ்ந்து குறைந்த டிகிரி காட்டும். கொழுப்பைச் சோதிக்காமல் பால்மானியை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வது அநீதி. தண்ணீர் கலந்தால் கொழுப்பு, திடச்சத்து இரண்டும் சேர்ந்தே இறங்கும். கொழுப்பு நின்று திடச்சத்து மட்டும் இறங்கினால், முதலில் மாட்டின் வயிற்றைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

நஷ்டம் இதோடு நிற்பதில்லை. உடம்பு வற்றிய மாடு சீக்கிரம் பருவத்திற்கு வராது. ஒரு பருவம் தவறினால் 21 நாள் காத்திருக்க வேண்டும். அடுத்த கன்று தள்ளிப் போகிறது. மாடு வற்றிய பிறகு வருமானமின்றித் தீனி போடும் காலம் நீள்கிறது.

விலை விஷயத்திற்கு வருவோம். 2022 நவம்பரில் ஆவின் பசும்பால் கொள்முதல் விலை லிட்டருக்கு 32 ரூபாயிலிருந்து 35 ரூபாயாக உயர்ந்தது. அது 4.3 சதவீதக் கொழுப்பும் 8.2 சதவீதத் திடச்சத்தும் உள்ள பாலுக்கு நிர்ணயித்த விலை. ஹோல்ஸ்டீன் கலப்பு மாடு வைத்திருப்பவர்களைக் கேளுங்கள், அந்த 4.3-ஐ எட்டுவது எவ்வளவு சிரமம் என்று சொல்வார்கள். 2023 மார்ச்சில் தமிழகப் பால் உற்பத்தியாளர்கள் 7 ரூபாய் உயர்வு கேட்டுப் பாலை நிறுத்திப் போராடினார்கள். அந்த டிசம்பர் 18 முதல் 3 ரூபாய் ஊக்கத்தொகை வந்தது. கேட்டதில் பாதி கூட இல்லை!

வெட்ட வேண்டியது சத்துக் குறைவின் விலையை அல்ல, அதன் காரணத்தை. தவிடும் பிண்ணாக்கும் பருத்திக்கொட்டையும் மாட்டுக்கு மிக அவசியமான வாரங்களில், அவற்றை வாங்கக் கூலிக்காரன் கையில் காசில்லை. மில்லில் நூலாகும் பஞ்சிலிருந்து பிரிந்த கொட்டைதான் அது. ஆனால் மில் தொழிலாளி வீட்டு மாட்டுக்கும் அது எட்டாத சரக்காகிவிட்டது. 2011-ல் மாநகராட்சியோடு சேர்ந்த ஆனையூர்ப் பக்கத்தில் மேய்ச்சல் நிலங்கள் வீட்டு மனைகளாகி வருகின்றன. கரட்டில் புல் அறுக்கவும் இடம் சுருங்குகிறது.

ஆகவே நாம் கேட்பது இவை: பால் ஊற்றும் ஒவ்வொரு இடத்திலும் கொழுப்பு, திடச்சத்து இரண்டையும் ஊற்றுகிறவர் கண்முன் சோதித்து, அங்கேயே சீட்டு எழுதித் தர வேண்டும். கன்று போடுவதற்கு மூன்று வாரம் முன்பிருந்து பிறகு மூன்று மாதம் வரை கூட்டுறவுச் சங்கங்கள் தீவனத்தைக் கடனாக வழங்கி, பால் பணத்தில் தவணையாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். சங்கம் கொடுக்காவிட்டால் தனி வியாபாரி கொடுப்பான். முன்பணத்தைக் காட்டி, அவன் சொன்ன டிகிரிக்கு அவன் சொன்ன விலையில் பாலை எடுத்துக்கொண்டு போவான்.