ஹாம் ரேடியோவுக்கு ஒரு வாசல்: வாட்ச்மேன் வேலை பார்க்கும் பழைய ரௌட்டர்!

புது பிராட்பேண்ட் கனெக்‌ஷன் வந்ததும் பழைய ரௌட்டர் பரணுக்குப் போய்விடும். ஹாம் ரேடியோ ஆர்வலர்கள் சிலர் அதைக் கீழே இறக்கி, ஓபன்டபிள்யூஆர்டி என்ற இலவச மென்பொருளை ஏற்றி, ரேடியோவுக்கும் இணையத்துக்கும் நடுவே உட்கார வைக்கிறார்கள். பெயர், கேட்வே.

இதற்குப் பின்னால் ஒரு பழைய கதை உண்டு. இணையம் ஆய்வுக்கூடங்களைத் தாண்டாத 1981-ல், ஹேங்க் மாக்னுஸ்கி என்ற அமெரிக்க ஹாம், அமெச்சூர் ரேடியோவுக்கென்று ஐ.பி முகவரிகளைக் கேட்டு வாங்கினார். 44 என்று தொடங்கும் அத்தனை முகவரிகளும், அதாவது சுமார் 1.67 கோடி, கிடைத்தன. அன்று அவற்றுக்குச் சந்தை விலை என்ற ஒன்றே இல்லை. 2019-ல் அதில் கால் பங்கை அமேசான் வாங்கியபோது கைமாறிய தொகை 10 கோடி டாலருக்கும் மேல்! பணம் ஹாம் திட்டங்களுக்கும் கல்வி உதவிக்கும் போகிறது. ஆனாலும் 'எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லையே' என்று பல ஹாம்கள் கொதித்தார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

மீதமுள்ள முகவரிகளை, உரிமம் பெற்ற ஹாம்கள் இன்றும் இலவசமாகக் கேட்டுப் பெறலாம். அதைப் பயன்படுத்தத்தான் கேட்வே.

இரண்டு ஊர்களில் இருக்கும் ரேடியோக்களுக்கு நடுவே அலை எட்டாத தூரம் என்றால், 44 முகவரியிட்ட தகவலைச் சாதாரண இணைய முகவரி எழுதிய இன்னொரு கவருக்குள் போட்டு அனுப்புகிறது ரௌட்டர். மறுமுனை ரௌட்டர் கவரைப் பிரித்து ரேடியோவிடம் கொடுக்கிறது. இந்த வெளிக்கவரில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். அது டிசிபியும் இல்லை, யுடிபியும் இல்லை. ஐபிஐபி என்ற தனி வகை, எண் 4. கேமராவுக்கும் கேமுக்கும் செய்வதுபோல போர்ட் ஃபார்வர்டிங் செய்தால் நடக்காது. இணைய நிறுவனம் கொடுக்கும் பெட்டிகள் பல, இந்தக் கவரைப் பார்த்ததுமே தூக்கிப் போட்டுவிடும். ஒரே வெளி முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிடும் கனெக்‌ஷன் என்றால் கவர் வீடு வரைகூட வராது. உங்கள் ரௌட்டரின் இணைய முகவரி 100.64 முதல் 100.127 வரையான வரிசையில் இருந்தால் அந்த ரகம்தான். அப்படிப்பட்டவர்களுக்கு வயர்கார்ட் வழி கைகொடுக்கும்.

இணைப்பு கிடைத்துவிட்டதா? உண்மையான ஆபத்து இனிமேல்தான். 44 முகவரி உலகம் முழுக்கத் தெரியும் முகவரி. எங்கே கதவு திறந்திருக்கிறது என்று தேடி, தானியங்கி புரோகிராம்கள் இரவு பகலாகத் தட்டிக்கொண்டே இருக்கும். ஃபயர்வால் இல்லையென்றால் அத்தனை தட்டலையும் ரௌட்டர் ரேடியோவிடம் தள்ளும். ரேடியோவும் அதை அப்படியே ஒலிபரப்பும், உங்கள் கால் சைன் பெயரில்!

பேக்கெட் ரேடியோவின் பழக்கமான வேகம் நொடிக்கு 1,200 பிட். 100 கேபி அளவுள்ள ஒரே ஒரு படம் போகவே 11 நிமிடம் பிடிக்கும். அந்தக் குறுகலான சந்தில் குப்பை நுழைந்தால், அதே அலைவரிசையில் இருக்கும் மற்றவர்கள் வாய் திறக்க முடியாது. தவிர, அமெச்சூர் அலைவரிசையில் வியாபாரத் தகவலும் கூடாது, அர்த்தத்தை மறைக்கும் சங்கேதமும் கூடாது. கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் உரிமம் வைத்திருப்பவர்தான், ரௌட்டர் அல்ல.

நம் நாட்டில் அந்த உரிமத்தை மத்திய தொலைத்தொடர்புத் துறை தேர்வு வைத்துத் தருகிறது. 12 வயது நிரம்பியவர்கள் எழுதலாம்.

கேட்வே அமைப்பவர்கள் முதல் நாள் ரேடியோவை இணைக்காமல் ரௌட்டரை மட்டும் ஓட விடுவது நல்லது. மறுநாள் லாக் பதிவைத் திறந்தால், கூப்பிடாமலே வந்து தட்டியவர்களின் பட்டியல் நீளமாக இருக்கும். முதலில் எல்லோருக்கும் தடை போட்டுவிட்டு, தெரிந்த 44 முகவரிகளுக்கு மட்டும் ஒவ்வொன்றாக அனுமதி கொடுங்கள். ரேடியோ ஒயரை அதற்குப் பிறகு செருகலாம்.