‘சொல்லியிருப்பாங்க’

வீட்டுக்கு அனுப்பிய பதினோராம் நாள் ராத்திரி அந்தப் பெரியவரைத் திரும்பக் கூட்டிவந்தார்கள். படுக்க முடியவில்லை. கட்டில் விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றி உட்கார்ந்து மூச்சு வாங்கினார். கணுக்காலுக்கு மேலே விரலால் அழுத்தி எடுத்தேன். குழி அப்படியே நின்றது. எங்கள் வார்டிலிருந்து நடந்தே வீட்டுக்குப் போனவர். “சிஸ்டர், திரும்ப வந்துட்டேன்” என்றார், ஏதோ தப்புச் செய்துவிட்டவர் மாதிரி. தப்பு எங்களுடையது.

ஊசி போட்டு, ஆக்சிஜன் வைத்து, நீர் பிரிந்து மூச்சுத் திணறல் அடங்க விடியற்காலை ஆகிவிட்டது. அப்புறம்தான் அவருடைய மஞ்சள் பையைப் பிரித்தேன். நீர் மாத்திரை அட்டையில் நாலுதான் குறைந்திருந்தது. “அதைப் போட்டா ஒண்ணுக்கு ஓடிக்கிட்டே இருக்கணும்மா. பேத்தி வளைகாப்புக்குப் பஸ்ஸுல போக வேண்டியிருந்துச்சு. அப்புறம் கால் வீக்கமும் வத்திடுச்சு, விட்டுட்டேன்.” பையின் அடியில் இன்னொரு அட்டை. மூட்டுவலிக்கு மெடிக்கலில் வாங்கிய டைக்லோஃபெனாக். இதயம் பலவீனமானவருக்கு அது உப்பையும் நீரையும் உடம்பிலேயே தேக்கிவிடும். உப்பைப் பற்றிக் கேட்டேன். “சோத்துல உப்பே போடறதில்லம்மா” என்றார். கஞ்சிக்கு என்ன தொட்டுக்கிறீங்க என்று கேட்டதும்தான் வந்தது: மோர்மிளகாய், ஊறுகாய், கருவாடு. நல்ல உடம்புக்காரருக்கே நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள், உப்பு இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். முதல் தடவை அவர் ஆறு நாள் எங்களிடம் இருந்தார். அந்த ஆறு நாளில் இந்தக் கேள்வியை எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

அவர் டிஸ்சார்ஜ் ஆன நாளை நினைத்துப் பார்க்கிறேன். ரவுண்ட்ஸில் “ஊருக்கு அனுப்பிடலாம்” என்றார் டாக்டர். உப்பைக் குறைங்க, மாத்திரையை ஒழுங்காப் போடுங்க என்றும் சொன்னார். பயிற்சி டாக்டர் சம்மரியை ஆங்கிலத்தில் எழுதினார். எதை எப்போது போடுவது என்று மருந்து கொடுக்கிற இடத்தில் சொல்லியிருப்பாங்க என்று நான் இருந்தேன். வார்டிலேயே சிஸ்டர் சொல்லியிருப்பாங்க என்று ஃபார்மசிஸ்ட் இருந்தார். வெட்டிக் கொடுத்த அட்டைகளில் பாதியில் மருந்தின் பெயரே இல்லை. வெள்ளையாக, ஒரே அளவில் இரண்டு மாத்திரை. மகன் ஆட்டோ பிடிக்கப் போயிருந்தார். அப்பாகிட்ட சொல்லியிருப்பாங்க என்று அவரும் இருந்துவிட்டார். கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்திருந்த அடுத்த நோயாளிக்கு அந்தக் கட்டில் வேண்டும். நாங்கள் விரிப்பை மாற்றினோம்.

இப்படி நோயாளி திரும்பி வருவது எங்கள் கணக்கில் எங்கேயும் இல்லை. புதிய ஐ.பி. எண், புதிய கேஸ் ஷீட், புதிய நோயாளி. அமெரிக்காவில் மெடிகேர் என்ற அரசுக் காப்பீட்டில் இருக்கும் நோயாளிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் 30 நாளுக்குள் மறுபடி மருத்துவமனையில் சேர்வதாக 2009இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. 2012 அக்டோபரிலிருந்து, இப்படித் திரும்புகிறவர்கள் அளவுக்கு மீறிய மருத்துவமனைகளுக்குக் கொடுக்கும் பணத்தையே குறைக்கத் தொடங்கினார்கள். அந்தத் தண்டனை முறை இங்கே வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஏழைகள் அதிகம் வரும் ஆஸ்பத்திரிதான் முதலில் அடிபடும். ஆனால் எண்ணிப் பார்க்கவாவது செய்திருக்கலாம். ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

எல்லாரும் எங்களால்தான் திரும்பி வருகிறார்கள் என்றும் சொல்ல மாட்டேன். சில இதயங்கள் எதைச் செய்தாலும் தேறுவதில்லை. இவருடையது அப்படியில்லை. மூன்று நாளில் 2 கிலோ எடை ஏறினால் அது சதையல்ல, நீர். மூச்சு திணறுவதற்கு முன்பே அது தெரிந்துவிடும். அப்போதே ஓ.பி.க்கு வந்திருந்தால் மாத்திரை அளவை மாற்றியே சரிசெய்திருக்க முடியும். வீட்டில் எடை பார்க்கும் மெஷின் கிடையாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கிறது. அங்கே போகச் சொல்ல எங்களுக்குத் தோன்றவில்லை. வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்து தரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. பிரஷர் மாத்திரையோடு அதில் வேலை செய்யும் பெண் மாதாமாதம் அவர் வாசலுக்கே வருகிறாள். காலைக் கொஞ்சம் பாரம்மா என்று அவளிடம் சொல்லவும் நாங்கள் யாரையும் ஏற்பாடு செய்யவில்லை.

இரண்டாம் தடவை அனுப்பும்போது மகனையும் பக்கத்தில் உட்கார வைத்தேன். “வீட்டுக்குப் போய் என்ன செய்வீங்கன்னு நீங்க எனக்குச் சொல்லுங்கய்யா” என்றேன். காலை மாத்திரை என்று அவர் எடுத்துக் காட்டியது ராத்திரி மாத்திரை. மறுபடி ஆரம்பித்தோம். கவர் மேல் சூரியனும் நிலாவும் வரைந்தேன். பஸ்ஸில் போகிற நாளில் நீர் மாத்திரையை விட்டுவிட வேண்டாம், போய்ச் சேர்ந்த பிறகு போடலாம் என்று டாக்டரிடம் கேட்டுச் சொன்னேன். செருப்பு வார் இறுகினால் அன்றைக்கே வரச் சொன்னேன். எல்லாம் சேர்த்துப் பதினைந்து நிமிடம் ஆகியிருக்கும். முதல் தடவையும் எங்களிடம் அந்தப் பதினைந்து நிமிடம் இருந்தது.

போன திங்கட்கிழமை அவர் ரெவியூவுக்கு வரவில்லை. கேஸ் ஷீட்டில் மகனுடைய நம்பர் இருக்கிறது. டாக்டர் கூப்பிட்டிருப்பார் என்று நான் நினைத்திருந்தேன். நேற்று அவரிடமே கேட்டேன். “நீங்க கூப்பிட்டிருப்பீங்கன்னு இருந்துட்டேன் சிஸ்டர்” என்றார்.

இன்று மதியம் கூப்பிட்டேன். மணி அடித்து ஓய்ந்தது. டியூட்டி முடிவதற்குள் இன்னொரு தடவை கூப்பிட வேண்டும்.